லேத்து சக்கும் மச்சினனின் டிரம்பெட்டும்

என் வீட்டு கார் ஷெட்டில் கார் இல்லை, லேத்து இருக்கிறது. காரை விற்றுவிட்டு அந்த இடத்தில் லேத்தை இறக்கிய ஒரே மனிதர் இந்தத் தெருவிலேயே தன் வீட்டுக்காரர்தான் என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்கிறாள். பெருமையாகச் சொல்கிறாள் என்று முதலில் நானும் நினைத்தேன்.

லேத்து தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்போ பித்தளையோ, அதைக் கெட்டியாகக் கவ்விப் பிடித்துச் சுழற்றி, உளியை வைத்துச் சீவிக் கடையும் மெஷின் அது. கவ்விப் பிடிக்கிற உருண்டையான பாகத்துக்கு சக் என்று பெயர். அதற்கு மூன்று தாடைகள். அவற்றை இறுக்கவும் தளர்த்தவும் சதுர முனையும் குறுக்குக் கைப்பிடியும் வைத்த ஒரு சாவி உண்டு. இறுக்கி முடித்ததும் சாவியை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்து சுவிட்சைப் போட்டால் சாவி பறக்கும். எந்தப் பக்கம் பறக்கப் போகிறது என்று யாருக்கும் முன்கூட்டித் தகவல் கொடுக்காது.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். என் மனைவி ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். மெஷினுக்குள் கையை விட்டவர்கள், சட்டையை விட்டவர்கள், தாடியை விட்டவர்கள் எல்லாரையும் பார்த்துக் கட்டுப் போட்டு அனுப்பியவள். லேத்து வந்து இறங்கிய அன்று அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இந்த மிஷின் ஒரு நாள் என் வார்டுக்கு வரும், பாருங்க," என்றாள்.

அன்றிலிருந்து நான் லேத்தைத் தொடுவதற்கு முன்னால் ஷெட் வாசலில் நின்று விசாரணை நடத்துவாள்.

"மோதிரம்?"

"கழட்டியாச்சு."

"வாட்ச்?"

"கழட்டியாச்சு."

"கையுறை?"

"சுத்துற மிஷின்கிட்ட அதைப் போடக்கூடாது. போடல."

"சட்டைக் கை?"

"முழங்கைக்கு மேல மடிச்சிருக்கேன்."

"கண்ணுக்கு?"

"ரெண்டு. பவர் கண்ணாடிக்கு மேல சேஃப்டி கண்ணாடி."

அதற்குப் பிறகுதான் சாவி என் கைக்கு வரும். நான் சக்கை இறுக்கியதும் அதை அவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சாவி என் கையில!" என்பாள். அந்த வார்த்தை காதில் விழாமல் நான் சுவிட்சைத் தொட்டதே இல்லை. இப்படிச் செய்தால் சாவி சக்கில் மாட்டிக்கொண்டு நிற்க வழியே கிடையாது. அவளுடைய யோசனைதான். வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன், நல்ல யோசனை.

வேலை இல்லாத நேரத்தில் சாவிக்கு இடம் ஷெட் வாசல் பக்கத்துச் சுவரில் உள்ள கொக்கி. அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, மேலே "சாவி" என்று கொட்டை எழுத்தில் எழுதியதும் நான்தான்.

இப்போது மச்சினன். என் மனைவியின் தம்பி. எங்கள் மாடி அறையில் தங்கியிருந்தான், கூடவே ஒரு டிரம்பெட்டும் தங்கியிருந்தது. பெரிய இசைக்குழு ஒன்றில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. இரண்டு தேர்வுக்குப் போய் இரண்டிலும் தோற்றுத் திரும்பினான். அடுத்த வருஷம் வயது வரம்பைத் தாண்டிவிடுவான் என்பதால் மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. இதையும் விட்டால் டிரம்பெட்டையே கையால் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தான். இசைக்குழுவில் சேர்ந்தவர்களுக்குத் தங்க அறையும் தருவார்கள். அவன் ஜெயிக்க வேண்டும் என்று நான் உருகி உருகி வேண்டிக்கொண்டதில் கொஞ்சம் சுயநலமும் கலந்திருந்தது. விடியற்காலையில் உங்கள் தலைக்கு மேலே டிரம்பெட் ஒலித்துப் பார்த்திருந்தால் நீங்களும் வேண்டியிருப்பீர்கள்.

தேர்வன்று காலையில் அவன் ஷெட்டுக்குள் ஓடி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, மவுத்பீஸ் கை நழுவி விழுந்துடுச்சு. விளிம்புல நசுங்கி நீட்டிக்கிட்டு நிக்குது. வாயில வச்சா உதட்டைக் கிழிக்குது."

மவுத்பீஸ் என்பது டிரம்பெட்டின் முனையில் செருகுகிற சின்னப் பித்தளைக் கிண்ணம். உதடு அதன் விளிம்பில்தான் உட்கார வேண்டும்.

"வேற ஒண்ணு வாங்கிக்கயேன்டா மாப்ள."

"ஓட்டப் பந்தயத்தன்னிக்கு அடுத்தவன் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடச் சொல்றீங்களா?"

விளிம்பைத் தடவிப் பார்த்தேன். லேத்தில் ஒரு மெல்லிய சீவல், அப்புறம் உப்புத்தாள் பிடித்து ஒரு மெருகு, அவ்வளவுதான் வேலை. உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாளாக என் லேத்து கதவுக் குமிழும் நாற்காலிக் கால் பூணும் தவிர எதையும் உருப்படியாகக் கடைந்ததில்லை. இப்போது ஒரு மனிதனின் எதிர்காலமே சக்குக்குள் வரப்போகிறது.

வீட்டுக் குழாய்க்கு வாஷர் வாங்கும் வேலையையெல்லாம் முடித்துக்கொண்டு நான் ஆரம்பிக்க மதியமாகிவிட்டது. அதற்குள் மச்சினன் வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்டான். தேர்வன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊதி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டான். பேசினால் உதடு களைத்துவிடுமாம். கேள்வி கேட்டால் புருவத்தால் பதில் சொல்வான்.

மவுத்பீஸில் கீறல் விழாமல் இருக்க அலுமினியத் தகடு சுற்றி, விளிம்பு வெளியே தெரிய, டிரம்பெட்டில் செருகுகிற வால் பகுதி சக்கின் நடு ஓட்டைக்குள் போக வைத்தேன். என் மனைவி வேலைக்குக் கிளம்பிப் பையும் கையுமாக வாசலில் நின்றாள். விசாரணை முடிந்தது. அவள் பார்க்கிறாளே என்று வழக்கத்தைவிட ஒரு மடங்கு கூடுதலாகவே இறுக்கிச் சாவியைக் கொடுத்தேன்.

"சாவி என் கையில!"

நான் மெஷின் பக்கம் திரும்பி சுவிட்சைப் போட்டேன். "நான் வரேன்," என்று அவள் குரல் கேட்டது. வேலை செய்கிறபோது நான் சக்கிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அப்படியே "ம்," என்றேன்.

வேலை அற்புதமாக வந்தது. உப்புத்தாளை விரலில் சுற்றாமல் குச்சியில் ஒட்டிப் பிடித்தேன். விளிம்பு வெண்ணெயாக வழவழத்தது. சுவிட்சை அணைத்து, சக் முழுசாக நிற்கும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு வாசல் பக்கம் கையை நீட்டி, "சாவி," என்றேன்.

யாரும் கொடுக்கவில்லை.

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. சாவி அவள் கையில். அவள் ஆஸ்பத்திரியில். மவுத்பீஸ் சக்கின் வாயில்.

போன் போட்டேன். வேலை நேரத்தில் நர்ஸுகளின் போன் அலமாரியில் கிடக்கும், நான் அடித்தது அந்த அலமாரிக்குத்தான் கேட்டிருக்கும். ஸ்பேனரால் நெம்பினேன், குறட்டால் திருகினேன். ஒரு போல்ட்டை எடுத்து அதன் முனையைச் சதுரமாக அரத்தால் ராவி, சக்கின் துளையில் விட்டுத் திருப்பினேன். முனை மழுங்கியதே தவிர தாடை அசைந்து கொடுக்கவில்லை. அப்படி இறுக்கி வைத்திருந்தேன். நன்றாக இறுக்கிய கையை நானே திட்டிக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்டா," என்றேன்.

சக்கையே லேத்திலிருந்து கழற்றுவதற்கு அந்தச் சாவி வேண்டாம். பின்னால் மூன்று நட்டு, சாதாரண ஸ்பேனர் போதும். மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே பலகை வைத்து, சக்கை மவுத்பீஸோடு சேர்த்து இறக்கினேன். ஒரு கைக்குழந்தையின் கனம் இருந்தது. அதை மச்சினனிடம் கொடுத்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்து லேத்தில் கிடந்த உலோகச் சுருளைக் கூட்டினேன், துணியால் துடைத்தேன், உளி நகரும் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டேன். மச்சினன் வாயைத் திறக்காமலே அலறினான். அவன் கஷ்டம் புரிந்தது. ஆனாலும் துடைக்காமல் லேத்தை விட்டுப் போகிற பழக்கம் என்னிடம் இல்லை.

பஸ்ஸில் அவன் சக்கை மடியில் வைத்து, குனிந்து, மவுத்பீஸில் வாயைப் பதித்துக்கொண்டான். ஊதுவதற்கு முன் உதட்டைப் பழக்க வேண்டுமாம். டிரம்பெட் என் மடியில். அவனிடமிருந்து மெலிதாக ஒரு பர்ர்ர் சத்தம் வந்துகொண்டே இருந்தது. எதிர் இருக்கைப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார்.

"ஐயோ பாவம். எப்படிங்க மாட்டிக்கிச்சு?"

"காலையில கை நழுவிடுச்சுங்க," என்றேன்.

"பேச முடியலையா?"

"மத்தியானத்திலேருந்து பேசலங்க."

அவர் வழி முழுக்க மச்சினனின் முதுகைத் தடவிக் கொடுத்தபடியே வந்தார். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் எங்களுக்கு முன்னால் ஓடி, "வழி விடுங்க! மிஷின்ல வாய் மாட்டிக்கிச்சு!" என்று கூவியதும் அவர்தான்.

அதற்கப்புறம் என் பேச்சை யாரும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது. மச்சினனைப் படுக்க வைத்து, சக்கை அவன் மார்பின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவன் வாயை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது விஷயம். சொல்லவில்லையே! புருவத்தை மட்டும் ஏற்றி இறக்கினான். அதை வலி என்று எடுத்துக்கொண்ட இளம் டாக்டர், "தைரியமா இருங்க, உதட்டைக் காப்பாத்திடலாம்," என்றார். ஒருவர் இரும்பு அறுக்கிற கருவி தேடி ஓடினார். "அறுக்காதீங்க!" என்று கத்தினேன். நல்ல சக் அது.

திரையை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், சக்கைப் பார்த்தாள், இரண்டு கண்ணாடியோடு நிற்கிற என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

"சொன்னேன்ல," என்றாள். குரலே எழும்பவில்லை. "ஒரு நாள் என் வார்டுக்கு வரும்னு சொன்னேன்ல."

"அடியே, யாருக்கும் ஒண்ணும் ஆகல! அவன் ஊதிப் பழகுறான். சாவியக் குடு."

அவள் தம்பியின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள். வாய் பொத்தென்று சக்கிலிருந்து விடுபட்டது. காயம் இல்லை, கீறல்கூட இல்லை. டாக்டர் எங்களை முறைத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். அவள் முதலில் தம்பிக்கு முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம் எனக்கு ஒன்று, அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

"எந்தச் சாவி?"

"சக் சாவி. உன் கையில இருக்கே."

"என் கையில எங்க இருக்கு? கிளம்புறப்ப கொக்கியில மாட்டிட்டுத்தானே வந்தேன். சாவிக்கு இடம் கொக்கிதானே?"

நான் அந்தக் கொக்கிக்கு நேர் கீழே நின்றுதான் போல்ட்டை ராவிக்கொண்டிருந்தேன். சாவியின் நிழல் என் தோளில்கூட விழுந்திருக்கும்.

"நீ 'சாவி என் கையில'ன்னு சொன்னியே!"

"சொன்னப்ப கையில இருந்துச்சு. ஏங்க, கொக்கியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்க்கக் கூடாதா?"

"நீ கையிலன்னு சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு வேற இடத்துல தேடப் போறேன்?"

திட்டுவதற்குத் திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். பிறகு என் சேஃப்டி கண்ணாடியைக் கழற்றித் தன் உடுப்பில் துடைத்து மறுபடி மாட்டிவிட்டாள். அவளுக்கு என்மேல் பிரியம் பொங்கினால் இப்படித்தான் ஏதாவது செய்வாள்.

வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்துவர நேரம் இல்லை. தேர்வு நடக்கிற கூடம் அடுத்த தெருவில்தான் இருந்தது. மச்சினன் கடிகாரத்தைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் திரண்டது. கடைசி வாய்ப்பு. இத்தனை நாள் அந்த டிரம்பெட்டை வாய்க்கு வந்தபடி திட்டிய நானே அதை மார்போடு அணைத்துக்கொண்டேன். என்னால்தான் இவ்வளவும். ஒரு மடங்கு கூடுதலாக இறுக்கியது நான்தானே.

அவன் சக்கைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்க ஓட்டையில் மவுத்பீஸின் வால் தெரிந்தது. என் கையிலிருந்து டிரம்பெட்டை எடுத்து அந்த ஓட்டைக்குள் நுழைத்து ஒரு திருகு திருகினான். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. இந்தப் பக்கம் உதடு, அந்தப் பக்கம் டிரம்பெட், நடுவில் என் சக்.

"டேய், வேணாம்டா," என்றாள் அவன் அக்கா.

அவன் புருவத்தால் என்னைக் கெஞ்சினான். நான் சக்கைக் கீழிருந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். அப்படியே இரண்டு பேரும் பக்கவாட்டில் நடந்து தெருவைக் கடந்தோம்.

தேர்வுக் கூடத்தில் ஒரு நல்ல ஏற்பாடு. ஆளைப் பார்த்து மதிப்பெண் போடக்கூடாது என்று நடுவர்களைத் திரைக்கு அந்தப்புறம் உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவர் ஊதுறவர். நீங்க?"

"தாங்குறவர்," என்றேன்.

உள்ளே போனோம். நான் முட்டி போட்டு சக்கை ஏந்தினேன். மச்சினன் மூச்சை இழுத்தான், ஊதினான்.

மாடியறையில் நான் கேட்ட சத்தம் அதுவல்ல. அங்கே அது கீச்சென்று காதைத் துளைக்கும். இது ஆழமாக, கனமாக, அசையாமல் வந்தது. சக்கின் கனம் மவுத்பீஸின் நடுக்கத்தையெல்லாம் அமுக்கிவிட்டது போலிருக்கிறது. என் உள்ளங்கையில் இரும்பு அதிர்ந்தது, கூடம் முழுக்க அந்த நாதம் போய் உட்கார்ந்தது. இவன் இத்தனை நாளும் இதைத்தான் ஊத முயன்றிருக்கிறான், பாவி, நான் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "இன்னொரு தடவை," என்றது. ஊதினான். "அந்தக் கடைசிப் பகுதி மட்டும், இன்னொரு தடவை." சக்கின் கனத்தில் என் கை கடுத்தது. பல்லைக் கடித்துத் தாங்கினேன்.

திரை விலகியது. மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் இசைக்குழுவின் தலைவி, அவருடைய மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதை நிமிர்த்தத் துடித்த கையை அடக்கிக்கொண்டேன், சக்கை விட முடியாதே.

"அது என்னது?"

"லேத்து சக்குங்க," என்றேன்.

"அதைக் கழட்டிட்டு ஊதிக் காட்டுங்க."

"கழட்ட முடியாதுங்க. சாவி கொக்கியில இருக்கு."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி. அப்போ அதோடயே சேர்ந்துக்கட்டும்," என்றார்.

அன்று மச்சினன் விட்ட கூச்சல் மதியத்திலிருந்து சேர்த்து வைத்திருந்தது. "மாமா! மாமா! மாமா!" என்று சக்கோடு என்னைக் கட்டிப் பிடித்ததில் என் விலா எலும்பு ஒரு வாரம் வலித்தது. லேத்தால் எனக்கு ஏற்பட்ட ஒரே காயம் அதுதான்.

வீட்டுக்கு வந்து கொக்கியிலிருந்து சாவியை எடுத்து மவுத்பீஸை விடுவித்தோம். அவன் அதை டிரம்பெட்டில் நேராகச் செருகி ஊதினான். கீச்சென்றது. என் மனைவி ஜன்னலைச் சாத்தினாள். மூவரும் சக்கைப் பார்த்தோம்.

"முடியாது," என்றேன் நான்.

"நான் ஒண்ணும் கேக்கலையே மாமா."

"கேக்கவும் கூடாது. அது இல்லாம லேத்து வெறும் மேஜைடா. இன்னும் எத்தனையோ குமிழ் கடைய வேண்டியிருக்கு."

"சரி மாமா," என்று மாடிக்குப் போய்விட்டான். அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அவன் சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டு சக்கை வைத்துக்கொண்டிருப்பேன். சரி மாமா என்று சொல்லி என்னைக் கவிழ்த்துவிட்டான். பழைய கேமரா முக்காலி ஒன்றைத் தேடி எடுத்து, சக் உட்கார அதன்மேல் ஒரு பிடி செய்துகொடுத்தேன். தாங்குறவராக நான் ஆயுள் முழுக்க முட்டி போட முடியாதல்லவா.

அவன் முதல் முறை மேடையேறிய சாயங்காலம், நானும் என் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வாத்தியக்காரர்கள் நடுவில் முக்காலிமேல் என் சக் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. எண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்லியிருந்தேன், துடைத்திருந்தான். நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவன் மேடையிலிருந்து எனக்குக் கைகாட்டினான். நான் ஏறிப்போய் மவுத்பீஸை வைத்து சக்கை இறுக்கிவிட்டு இறங்கினேன். பழக்கதோஷத்தில் சாவியை என் மனைவியிடம் நீட்டினேன், அவளும் பழக்கதோஷத்தில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது. தலைவி கையை உயர்த்தினார். மற்ற எல்லாரும் வாத்தியத்தை எடுத்துவிட்டார்கள். மச்சினன் மட்டும் உதட்டை வைக்காமல் நேராக நின்று எங்களையே பார்த்தான். தலைவி கையை இறக்கி மறுபடி உயர்த்தினார். அவன் அசையவில்லை. புருவத்தை மட்டும் அக்காவைப் பார்த்து ஏற்றி இறக்கினான். எங்கள் வீட்டில் வளர்ந்த பழக்கம் அவனுக்கும் ஊறிப்போயிருந்தது. அந்தச் சக் அந்த வார்த்தையைக் கேட்காமல் ஒரு நாளும் வேலை செய்ததில்லை.

என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு கூட்டத்திலா என்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். சாவியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

"சாவி என் கையில!"

கூடமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து இருக்கைக்காரர் என் காதில், "இதுவும் நிகழ்ச்சியில சேர்ந்ததுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றேன். "இது இல்லாம ஆரம்பிக்க மாட்டாங்க."

மச்சினன் குனிந்து ஊதினான். அந்தக் கனமான, அசையாத நாதம் இருட்டில் எழுந்து வந்தது. என் மனைவி நின்றுகொண்டே அழுதாள், சாவியைக் கீழே இறக்க மறந்துவிட்டாள். நானும் அழுதேன். சேஃப்டி கண்ணாடி வேறு போட்டிருந்ததால் துடைக்க வழியில்லை.